குழம்பில் கரைத்த மாத்திரை

நம்பிக்கைக்கு மருத்துவ நூல்களில் ஓர் இடம் உண்டு. அவ்விடத்திற்கு மருத்துவர்கள் இட்ட பெயர் திருச்சபையின் செபத்திலிருந்து சென்றது என்பதை நம்மில் பலர் அறியோம். 'பிளாசிபோ' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'நான் உவப்பிப்பேன்' என்பது பொருள். இறந்தோருக்கான மாலைச் செபத்தின் முதற் பல்லவி இச்சொல்லில்தான் தொடங்கிற்று. இடைக்கால ஐரோப்பாவில் உறவல்லாதாரும் கூலியை எதிர்பார்த்து வந்து அதைப் பாடியதால், அச்சொல் முகத்துதி செய்வோரைக் குறிக்கலாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள் அதனை எடுத்து, நோயைத் தீர்ப்பதற்கன்றி நோயாளியை மகிழ்விப்பதற்காகக் கொடுக்கும் மருந்துக்குப் பெயராக்கினர். தமிழில் அதனை மருந்துப்போலி என்கிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விசைத்தறியும், ஜவ்வரிசி ஆலையும், கோழிப்பண்ணையும், லாரிப் பட்டறையும் நிறைந்த இந்நிலத்தில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் வீட்டார் முதலில் எங்கே செல்கின்றனர்? குறி கேட்கின்றனர், தாயத்துக் கட்டுகின்றனர், மந்திரித்த எலுமிச்சம்பழத்தை வாசலில் வைக்கின்றனர். பின்னர் காவிரிக் கரையோடு திருச்சி செல்லும் சாலையில் குணசீலத்திற்குச் சென்று, பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்குகின்றனர். நம் மக்களோ தெற்கே புளியம்பட்டிக்குச் சென்று புனித அந்தோனியாரின் திருத்தலத்தில் வாரக்கணக்கில் காத்திருக்கின்றனர். கோயில் வேறு, சமயம் வேறு. காத்திருக்கும் தாயின் முகம் மட்டும் ஒன்றே.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட இயலுமா? தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை உளநல மருத்துவர் இரகுராமும் உடனிருந்தோரும் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அவர்களுள் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயினர். அங்கே அவர்கள் சராசரியாக ஆறு வாரம் தங்கினர். சிறு பணிகளைச் செய்தனர். எவரும் அவர்களை ஏசவில்லை. நோயின் கடுமையைக் குறிக்கும் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாமையால், தானாகவே ஏறி இறங்கும் நோயின் இயல்பு எவ்வளவு, கோயிலின் அமைதி எவ்வளவு எனப் பிரித்துரைக்க வழியில்லை. எனினும் அன்பும் இடமும் வீண்போகவில்லை என்றேனும் கொள்ளலாம்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்த மன நோயாளிகள் ஓட இயலாமல் மடிந்தனர். இறந்தோர் 28 பேர். அவர்களையும் யாரோ நம்பிக்கையோடுதான் அங்கே கொண்டுவந்து விட்டிருப்பர். மன நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது.

அவ்வாறாயின் மாத்திரையின் பங்கு எவ்வளவு? 2008இல் இர்விங் கிர்ஷ் என்னும் உளவியலார், மனச்சோர்வு மருந்துகளின் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, மிகக் கடுமையான சோர்வில் அன்றி மற்றவற்றில் மருந்துக்கும் மருந்துப்போலிக்கும் இடையே வேறுபாடு சிறிதே என்றார். 2018இல் 522 சோதனைகளைத் தொகுத்த மற்றொரு பெரும் ஆய்வு, 21 மருந்துகளுமே போலியைவிட மேலானவை என்று கண்டது. அங்கும் இடைவெளி பெரிதன்று. மனச்சிதைவிலோ நிலைமை வேறு. 2012இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பின்படி, மருந்தைத் தொடர்ந்தவருள் ஓராண்டில் நோய் திரும்பியவர் நூற்றுக்கு 27 பேர். மருந்துக்குப் பதில் போலியை உண்டவருள் 64 பேர். ஆகவே 'எல்லாம் மனப்பிரமை, மாத்திரையை நிறுத்து' என்று அறிவுரை கூறுவோர், எந்த நோய் என்று கேட்டறியாமல் வாய் திறத்தல் தகாது.

இராசிபுரத்தை அடுத்த சிற்றூரில் நாம் அறிந்த ஒரு குடும்பம் உண்டு. லாரிப் பட்டறையில் வேலை செய்த மகனுக்கு, இல்லாத குரல்கள் கேட்கலாயின. அக்கம்பக்கத்தார் தனக்கு நஞ்சிடப் பார்க்கின்றனர் என்று அஞ்சினான். தனக்கு நோயே இல்லை என்றதால் மாத்திரையைத் தொடவில்லை. தாய் அதைப் பொடித்துக் குழம்பில் கரைத்து ஊட்டினார். இரண்டு மாதத்தில் அவன் உறங்கினான், வேலைக்கும் போனான். அவன் அறியாமலே மருந்து வேலை செய்தது. அதில் நம்பிக்கைக்குப் பங்கில்லை. ஆனால் ஓரிரவு, அடுப்படியில் கரண்டியால் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்த தாயை அவன் கண்டுவிட்டான்.

"சோத்துல என்னம்மா கலக்கற?"

"உன் நல்லதுக்குத்தான் சாமி."

நோய் அவன் காதில் ஓதிய பொய் அன்று மெய்யாகிவிட்டது. உணவில் எதையோ கலக்கிறார்கள் என்று அவன் அஞ்சியது உண்மையன்றோ? அதன்பின் ஓராண்டுக்கு மேல் அவன் தாய் கையால் உண்ணவில்லை. அந்த அன்னையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வேறு வழியை அவருக்குச் சொல்லித் தருவார் யாரும் அன்று இருந்திலர். பின்னர் ஓர் இளம் மருத்துவர் அவனோடு பொறுமையாகப் பலமுறை பேசினார். இப்போது மாத்திரை அவன் தட்டின் ஓரத்தில், அவன் காணவே வைக்கப்படுகிறது.

இதை எண்ணும்போது இத்தாலியின் தூரின் நகரத்து மருத்துவ அறிஞர் பெனெடெட்டியும் குழுவினரும் 2004இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. அறுவைக்குப் பின் பதற்றத்தில் இருந்தோருக்கு, டயசிபாம் மருந்தை அவர்கள் காணக் கொடுத்தபோது பதற்றம் தணிந்தது. அதே மருந்து கருவியின் வழியே அவர்கள் அறியாமல் செலுத்தப்பட்டபோது தணியவில்லை. எல்லா மருந்தும் இப்படியன்று என்பதற்கு அவ்விளைஞனே சான்று. ஆயினும் கொடுக்கும் கையும் சொல்லும் மருந்தில் ஒரு கூறு என்பது பொய்யன்று. அக்கூறு பலிக்க ஏமாற்று வேண்டியதில்லை என்பதும் தெரிகிறது. ஹார்வர்டின் டெட் காப்சுக் 2010இல் குடல் நோயினர் 80 பேரிடம் நடத்திய ஆய்வில், 'இது வெறும் போலி மாத்திரைதான்' என்று சொல்லியே கொடுத்தும், ஒன்றும் பெறாதவரைவிட அவர்கள் மிகுதியாக நலம் உணர்ந்தனர்.

நம்பிக்கையை மருந்துக்கு எதிரியாக நிறுத்துவது இரண்டுக்கும் இழுக்கு. சீராக்கின் ஞானநூலின் 38ஆம் அதிகாரம், செபத்தையும் மருத்துவரையும் ஒரே மூச்சில் மதிக்கக் கற்பிக்கிறது. மண்டலம் 48 நாளில் முடிந்துவிடும். மாத்திரையோ ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருக்கலாம். திருத்தலத்திலிருந்து தேறித் திரும்பிய மகிழ்ச்சியில் மாத்திரையைக் குப்பையில் எறியும் வீடுகளே மீண்டும் துன்புறுகின்றன. அவ்வீட்டார் மருத்துவர் சொல்லைத் தட்டினாலும், பங்குத்தந்தையின் சொல்லையோ பூசாரியின் சொல்லையோ தட்டமாட்டார். ஆகவே நெற்றியில் எண்ணெய் பூசும் கையும், திருநீறு இடும் கையும் அவர்களை வழியனுப்பும்போது ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லட்டும்: "மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்." அதற்குச் செலவு ஒன்றுமில்லை.