ஜாகை எங்கே?

வெளியூர்ப் பயணம் என்று பேச்சு எடுத்தால் எங்கள் வீட்டில் முதலில் தயாராவது மூட்டை முடிச்சு அல்ல, ஜாபிதா! பார்க்க வேண்டிய கோயில்கள், வாங்க வேண்டிய சாமான்கள், சாப்பிட வேண்டிய பலகாரங்கள் என்று ஒரு முழ நீளத்துக்கு எழுதிவிடுவோம். "சரி, ராத்திரி எங்கே தங்குவது?" என்ற கேள்வி கடைசியில்தான் வரும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

போன புரட்டாசியில் குழந்தைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தது. என் மாமியாருக்கு வயது 78. பிறந்தது பழைய தஞ்சை ஜில்லா. சென்னைக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இரண்டு முழங்காலிலும் வாதம். அவர் ஒரு நாள், "காவேரியிலே ஒரே ஒரு தடவை காலை நனைச்சுட்டா போதும்" என்றார். மூன்று நாள், சொந்தக் கார், நாங்கள் ஐந்து பேர் என்று முடிவாயிற்று.

உடனே மகாநாடு கூடியது. "தஞ்சாவூரில் தங்கலாம். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் எல்லாம் காலடியில்" என்றார் என் கணவர். பாட்டுக் கற்றுக்கொள்ளும் பெண், தியாகராஜ சுவாமியின் சமாதி இருக்கும் திருவையாறுதான் வேண்டும் என்றாள். பையனுக்குப் பூம்புகார்க் கடல். ஆகையால் அவன் மாயவரம் கட்சி.

"மாயவரத்திலே முடவன் முழுக்கு உண்டே, தெரியுமோ?" என்றார் மாமியார். "ஐப்பசி பூராவும் அங்கே துலா ஸ்நானம். ஒரு நொண்டி தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்றதுக்குள்ளே மாசம் முடிஞ்சு போச்சு. பாவம்னு கார்த்திகை முதல் தேதியும் அவனுக்காகப் புண்ணியம் கொடுத்தாராம் சுவாமி. என்னை மாதிரி ஆளுக்கு ஏற்ற ஊர்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2011ஆம் வருஷம் என் தாயாரை அழைத்துக்கொண்டு அதே காவிரிக் கரைக்குப் போயிருந்தோம். தஞ்சாவூரில் ஜாகை. இரண்டே நாளில் ஒன்பது நவக்கிரக ஸ்தலங்களும் பார்த்துவிடுவதென்று ஜாபிதா. அந்த ஸ்தலங்கள் பெரும்பாலும் கும்பகோணத்தையும் மாயவரத்தையும் சுற்றி இருப்பவை என்பதை யார் யோசித்தார்கள்? ஒரு கோயில் வாசலை நாங்கள் அடைந்தபோது மணி பன்னிரண்டே கால். கதவு சாத்தியாகிவிட்டது. மறுபடி திறக்கும் வரை அம்மா வெயிலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் திரும்பும்போது ஒரு பாலத்தின் மேல், "கொஞ்சம் நிறுத்தச் சொல்லேண்டி, காலை நனைச்சுட்டு வந்துடறேன்" என்றாள். "இருட்டுகிறது அம்மா, இன்னும் 40 கிலோமீட்டர் போக வேண்டும். அடுத்த தடவை பார்க்கலாம்" என்றேன். அடுத்த தடவை வரவில்லை. மறு வருஷமே அம்மா போய்விட்டாள்.

ஆகையால் இந்தத் தடவை, "ஜாகை பார்க்கும் பொறுப்பு என்னுடையது" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஆற்றைப் பார்த்தேன். காவிரி கல்லணைக்கு வந்ததும் விரித்த கைவிரல்களைப் போல் பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று கிளைத்து, அவை மேலும் மேலும் கிளைத்து, எந்தச் சாலையில் போனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு பாலம் வருகிறது. ஆனால் ஒரு வேடிக்கை: தஞ்சாவூர் நகரத்தில் காவிரி கிடையாது! அங்கே ஓடுவது வடவாறும் கல்லணைக் கால்வாயும். காவிரியைப் பார்க்க வடக்கே திருவையாறு வரை போக வேண்டும். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எல்லாம் தாண்டி ஐந்தாவதாகத்தான் காவிரி.

திருவையாற்றில் வாசலிலேயே காவிரி. ஆனால் மாமியாருக்குத் தோதான அறை எங்களுக்கு அகப்படவில்லை. மாயவரம், அதாவது மயிலாடுதுறை, கிழக்கே ஒதுங்கியிருக்கிறது. மேற்கே போனால் அரை நாள் சாலையிலேயே கழிந்துவிடும். கும்பகோணமோ நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. தாராசுரமும் சுவாமிமலையும் கூப்பிடு தூரம். எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இது: இந்தச் சீமையில் பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் மூடி, மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நாலு மணி நேரம் ஜாகைக்குத் திரும்பிச் சாப்பிட்டு, வயதானவர்கள் ஒரு தூக்கம் போட முடிய வேண்டும். நடு ஊரில் தங்கினால்தான் அது நடக்கும்.

நாலைந்து ஓட்டல்களுக்கு டெலிபோன் செய்தேன். கீழ்த்தளத்தில் அறை உண்டா, இல்லையென்றால் லிப்ட் உண்டா, உட்காரும் கக்கூஸ் உண்டா, குளிக்கும் அறையில் ஒரு ஸ்டூல் போட இடம் இருக்கிறதா, படித்துறை எவ்வளவு தூரம் என்று வரிசையாகக் கேட்டேன். ஓரிடத்தில் பேசியவர், "எல்லாரும் ஏ.ஸி. இருக்கா, வைஃபை இருக்கான்னுதாம்மா கேப்பாங்க. ஆத்தங்கரை எவ்வளவு தூரம்னு நீங்கதான் கேக்கறீங்க!" என்றார். அவரிடமே இரண்டு அறை சொல்லிவிட்டேன்.

முதல் நாள் விடியற்காலையில் பகவத் படித்துறைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூரில் போதுமான நீர் இருந்தால் ஜூன் 12ந் தேதி திறந்து ஜனவரி 28ந் தேதி மூடுவது வழக்கம். கார் எடுப்பதற்கு முன் அணை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. ஆனால் தண்ணீருக்குப் பல படிகள் இறங்க வேண்டியிருந்தது. கீழ்ப்படிகளில் பாசி வேறு. மாமியார் மேல்படியில் நின்று பார்த்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பிவிட்டார்.

அன்று சுவாமிமலை வழியாகக் காவிரிக் கரையோரமாகவே திருவையாறு போனோம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசிக்கொண்டிருந்தார்கள். மண் காய்ந்ததும் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பஞ்சலோகத்தை வார்ப்பார்களாம். இங்கே ஆறு விக்கிரகம்கூடச் செய்கிறது!

மறுநாள் காலை மாமியாருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. படித்துறையில் அரை மணி உட்கார்ந்து ஆற்றைப் பார்த்ததோடு சரி. பிறகு வடக்கே அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்த்துவிட்டு, மத்தியான்னச் சாப்பாட்டுக்கு ஜாகைக்கே வந்துவிட்டோம். சாயங்காலம் தாராசுரம். இந்த இரண்டு கோயில்களும் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தவை. பூம்புகாரையும் தஞ்சாவூரையும் ஜாபிதாவிலிருந்து அடித்துவிட்டேன். பையனும் அவன் அப்பாவும் இரவு முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள், புறப்படும் நாள். கறுக்கலிலேயே மாமியார் எழுந்து தயாராக உட்கார்ந்திருந்தார். படித்துறைக்குப் போனால், ராத்திரியில் தண்ணீர் கூடி, முதல் நாள் பார்த்த பாசிப் படிகள் எல்லாம் முழுகியிருந்தன. இறங்க வேண்டியது இரண்டே படி! நான் ஒரு கையைப் பிடிக்க, குளித்துவிட்டுக் கரையேறிய யாரோ ஓர் அம்மாள் தானாகவே மறு கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் காலை வைத்தார். புடவைக் கரை நனைந்தது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, "அந்த நொண்டிக்காக ஒரு நாள் காத்திருந்தா. எனக்காக ஏறியே வந்துட்டா" என்றார்.

நானும் பக்கத்தில் இறங்கி நின்றேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. என் அம்மாவின் பெயரைச் சொல்லி ஒரு கை நீர் அள்ளி விட்டேன்.

யோசித்துப் பாருங்கள். தொலைவில் தங்கியிருந்தால் எங்களுக்கு ஒரே ஒரு விடியற்காலைதான் கிடைத்திருக்கும். அதில் மாமியார் மேல்படியோடு திரும்பியிருப்பார். ஜாகை பக்கத்தில் இருந்ததால் இன்று முடியாததை நாளை செய்ய முடிந்தது. காரில் இருப்பவர்களில் யாருடைய கால் எல்லாரையும்விடத் தளர்ந்ததோ, அந்தக் காலுக்குத் தோதான இடத்தில் தங்குங்கள். நல்ல கால் உள்ளவர்கள் எங்கிருந்தும் எங்கேயும் போய்க்கொள்வார்கள்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் பையன் பூம்புகாரைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தான். மாமியார் அவன் தலையைத் தடவி, "அடுத்த வருஷம் போகலாண்டா. நானும் வரேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜாகையை மட்டும் நீயே பாரு!" என்றார்.