பீரோ அடுப்பு

சென்னையின் உப்புக் காற்றில் சைக்கிள் சட்டம் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. பழைய சட்டங்களைச் சுரண்டிப் புதுப்பிக்கும் எனக்குப் பெயிண்டைவிடப் பவுடர் கோட்டிங்தான் பிடிக்கும். தின்னர் நாற்றம் கிடையாது, வழிசல் அரிது, செயின் உரசினாலும் லேசில் பெயராது. துப்பாக்கி முனையில் மின்னேற்றம் பெற்ற தூள், எர்த் கொடுத்த இரும்பின் மேல் போய் அப்பிக்கொள்கிறது. அப்போது விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். உருகிப் பரவி, சூட்டில் இறுகிய பிறகுதான் அது பூச்சு. அதற்கு 180 முதல் 200 டிகிரி வரை சூடு தாங்கும் ஓவன் தேவை. முழுச் சட்டமும் தொங்குகிற அளவில் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது.

காயலான் கடையில் ஓர் இரும்பு பீரோ கிடந்தது. "பூட்டு போச்சு சார், சாவியும் இல்ல" என்றார் கடைக்காரர். "பூட்டே வேணாம் அண்ணாச்சி" என்றேன். உள்ளிருந்து தள்ளினால் திறக்காத கதவு ஓவனுக்கு ஆகாது. பழைய ஃபிரிட்ஜையும் காட்டினார். அதன் சுவருக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரையும் பிளாஸ்டிக் உள்கூடும் குளிருக்காகச் செய்யப்பட்டவை. 200 டிகிரியில் நச்சுப்புகைதான் மிஞ்சும்.

பீரோ வெளிக்கூடு ஆனது. உள்கூட்டுக்கு, இடித்த அலுவலகம் ஒன்றிலிருந்து கழற்றி வந்த ஏசி டக்ட் தகடுகள் கிடைத்தன. அவற்றின் மேலிருக்கும் துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். நம் வேலைக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் இரண்டு கூடுகளும் இரும்போடு இரும்பாகத் தொடும் இடமெல்லாம் சூடு வெளியேறும் வழி. நடுவில் சூடு தடுக்கும் ராக் வூல் பஞ்சை எத்தனை கனமாக அடைத்தாலும் ஒரு போல்ட் போதும், வெளித்தகடு கையைச் சுட. ஆகவே கூடுகள் தொடும் இடங்களை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன்.

எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்பதில்தான் இந்த வேலையின் முழுப் பொறுப்பும் இருக்கிறது என்று நம்புகிறேன். தகடு, ஆங்கிள், கீல் எல்லாம் பழையதாக இருக்கலாம். அவற்றின் குறை கண்ணுக்குத் தெரியும். பழைய பேக்கரி ஓவனைப் பிரித்தால் கிடைக்கும் பஞ்சையும் கதவு இடுக்கை அடைக்கும் கயிற்றையும் தொடக் கூடாது. அது ஆஸ்பெஸ்டாஸா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதன் இழை மூச்சில் போனால் நோய் தெரியவே பல ஆண்டுகள் ஆகும். ராக் வூலும் கண்ணாடி இழைக் கயிறும் புதிதாகவே வாங்கினேன். கெய்சர் காயிலும் வேண்டாம். தண்ணீரில் மூழ்கி இருக்கச் செய்யப்பட்டது அது, காற்றில் எரிந்துபோகும். காற்றைச் சூடாக்கவே செய்த ஃபின் ஹீட்டர்தான் சரி.

மின்சாரத்தில் சிக்கனம் பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 4 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு பவர் பிளக்கில் சொருகுகிற சமாசாரம் இல்லை இது. தனி லைன், தனி எம்சிபி, உறுதியான எர்த், ஹீட்டர் பக்கத்தில் பிவிசி வயருக்குப் பதிலாகச் சூடு தாங்கும் உறை போட்ட வயர், இவ்வளவும் வேண்டும். இன்னொன்று: ஹீட்டரை விட்டு விட்டு இயக்கும் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே) கெட்டுப்போனால் பெரும்பாலும் அணையாது, 'ஆன்' நிலையிலேயே நின்றுவிடும். அதற்குக் கட்டளை தரும் வெப்பக் கண்ட்ரோலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சூடு ஏறிக்கொண்டே போகும். சூடு எல்லை தாண்டினால் காண்டாக்டரை விழவைத்து ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி தெர்மோஸ்டாட் ஒன்று கட்டாயம்.

காலி ஓவனை முதலில் ஓட்டி, எண்ணெயும் அழுக்கும் புகைந்து தீரவிட்டேன். தூள் அடிக்கும் இடத்தைத் தள்ளியே வைத்திருக்கிறேன். காற்றில் மிதக்கும் தூள் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பவுடர் வெந்த ஓவனில் பிறகு எந்த உணவும் வைக்கக் கூடாது.

டப்பாவில் '200 டிகிரி, 10 நிமிடம்' என்று போட்டிருப்பது உலோகத்தின் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல. கண்ட்ரோலர் 200 காட்டும்போது மெல்லிய குழாய்கள் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். பெடல் அச்சு நுழையும் தடித்த உருளை பின்தங்கும். அங்கே ஒரு தெர்மோகப்புளை நேராகக் கட்டி, அது 200 தொட்ட பிறகுதான் நிமிடம் எண்ணத் தொடங்குகிறேன். அதற்குள் குழாய்கள் கூடுதலாக வெந்திருக்கும். கறுப்பு அதைப் பொறுத்துக்கொள்கிறது, வெள்ளையோ மஞ்சளடித்துவிடுகிறது.

இப்போது வெள்ளை கேட்டு ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆனால் ஓவனுக்குள் கதவின் கீழ்ப்பக்கம் மேலே இருப்பதைவிடச் சூடு குறைவு. உள்ளே சூட்டைச் சுழற்றும் விசிறியின் காற்று அங்கேயும் இறங்க, மிச்சமிருக்கும் டக்ட் தகட்டில் ஒரு தடுப்பு வெட்டிப் பொருத்திப் பார்க்கப் போகிறேன்.