மருந்துச் சீட்டில் எழுதாத செலவு

வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் உங்களுக்கு உண்டா, சகோதரிகளே? பால்காரர் பாக்கி, மளிகைக் கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் என்று மாத முதல் தேதியில் கோடு போட்டு எழுதிவிட்டு, பத்தாம் தேதிக்குள் அந்த நோட்டையே எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள்தாம் நம்மில் அதிகம். என் சின்னம்மா அந்த ரகம் அல்ல. சோமனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு விசைத்தறிகளை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள். கூலிக்கு ஓடுகிற தறி. பாவு வந்தால் ஓடும். மின்சாரம் போனால் நிற்கும். இத்தனை மீட்டருக்கு இவ்வளவு கூலி என்று பணம் வருகிற வீட்டில் கணக்கு எழுதாமல் முடியுமா?

2020-ஆம் ஆண்டில் சின்னம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து அந்த நோட்டில் 'ஆஸ்பத்திரி' என்று தனிப் பக்கம் ஒதுக்கினாள். அந்தப் பக்கங்களைப் பிற்பாடு நான் புரட்டிப் பார்த்தேன். அதில் கண்டதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் நல்ல சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கும் பிறகு நடந்த சிகிச்சைக்கும் சின்னம்மா வீட்டார் பெருந்தொகை கட்டவில்லை. தமிழ்நாட்டில் 2009-இல் ஏழைக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய காப்பீடு, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வந்தது அல்லவா? அந்த அட்டை அவர்களிடம் இருந்தது. "எல்லாம் இலவசந்தானுங்க, அப்புறமென்ன கவலை?" என்று ஊரில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நோட்டு வேறு கதை சொல்லிற்று.

கோயமுத்தூர் போய்வரக் கார் வாடகை 1,800 என்று ஒரு வரி. அடுத்த வாரமும் அதே வரி. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது பெரிய உபகாரம். ஆனாலும், சிகிச்சை முடிந்து தலை சுற்றுகிறவளைக் கூட்டத்தில் நிற்க வைத்து அழைத்து வர முடியுமா? பிறகு சாப்பாடு, இளநீர், சத்துமாவு, பஞ்சு, துணிக்கட்டு, படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, வயதானவர்கள் கட்டிக்கொள்ளும் டயாபர். ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் தொகை. ஆனால் அவை ஒரு நாள் வந்து மறுநாள் போகிற செலவுகள் அல்ல. மூன்றாவது மாதத்திலிருந்து புதிதாக ஒரு வரி தலைகாட்டுகிறது: 'வளையல் வட்டி.' அப்புறம் அந்த வரி எந்த மாதமும் தவறவில்லை.

நோட்டில் ஏறாத செலவு ஒன்றும் உண்டு. சின்னம்மாவின் மருமகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்து வந்தாள். மாமியாரைக் கவனிக்க ஆள் வேண்டுமென்று அவள்தான் நின்றுகொண்டாள். அந்த வாரச் சம்பளம் போனதை யாரும் செலவு என்று எழுதவில்லை. கையை விட்டுப் போனால்தானே செலவு. கைக்கே வராமல் போனதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? மகன் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த நாட்களில் தறி நின்ற கணக்கும் அப்படித்தான்.

இப்போதெல்லாம் டாக்டர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். மருந்தினால் முடி உதிர்கிறது, குமட்டுகிறது என்று பக்க விளைவுகளைச் சொல்லுகிறோமே, அதே வரிசையில் பணக் கஷ்டத்தையும் சேர்த்து 'நிதி நச்சு' என்கிறார்கள். மருந்துச் சீட்டில் எழுதாத விஷம் அது. மற்ற பக்க விளைவுகள் நோயாளியோடு நிற்கும்; இது வீட்டில் உள்ள அத்தனை பேரையும் பிடிக்கும்.

2022-இல் நோய் எலும்புக்குப் பரவிவிட்டது. புதிய மருந்து ஒன்று இருப்பதாகவும், ஆனால் அது அட்டையில் வராது என்றும் சொன்னார்கள். மகன் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. இரண்டு தறிகளை விற்றுவிடுவது என்று தீர்மானித்து, ஆளையும் பார்த்துவிட்டான். பெற்ற தாய்க்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது? செய்யாவிட்டால் சொந்தபந்தம் என்ன சொல்லும்? தாயின் மேல் அவன் வைத்த பிரியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவள் மருமகள்தான். "இந்த மருந்து போட்டால் அத்தைக்குச் சொஸ்தம் ஆயிடுங்களா?" என்றாள். டாக்டர் மறைக்கவில்லை. குணமாகாது, சில மாதம் தள்ளிப்போடலாம், தள்ளிப்போடாமலும் போகலாம் என்றார். அதோடு நிறுத்தாமல், நோய்த் தணிப்பு சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார்.

'தணிப்பு' என்றவுடனே, கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்கும் படித்தவர். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பத்திலும், பணக் கவலையிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார் அவர். நம் பக்கத்துக் கேரளத்தில் 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் கோழிக்கோட்டில் இதற்கென்று ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்து ஜனங்களே தொண்டர்களாகி வீடு தேடிப் போகும் வழக்கம் அங்கே வேரூன்றிற்று. 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது.

இன்னொரு விஷயம் மார்ஃபின். கடுமையான புற்றுநோய் வலிக்கு உற்ற மருந்து, பழைய மருந்து, விலையும் அதிகமில்லை. ஆனால் அபினியிலிருந்து வருவதால், 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் அது பல ஆஸ்பத்திரிகளில் கிடைக்காமலே போயிற்று. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். விலை உயர்ந்த மருந்துக்காகத் தறியை விற்கத் துணிகிற வீட்டில், மலிவான மருந்து ஒன்றினால் அம்மா இராத்திரி தூங்குவாள் என்பது தெரியாமலிருப்பது எவ்வளவு பரிதாபம்!

தணிப்பு சிகிச்சை டாக்டர் முதலில் சின்னம்மாவிடம்தான் கேட்டார்: "உங்களுக்கு என்னம்மா வேணும்?" அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. "வலி நிக்கோணுமுங்க. ஊட்டுலயே இருக்கோணுமுங்க" என்றாள். அப்புறம் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "தறியை வித்துப்போட்டு என்னைய நாலு மாசம் வெச்சிருந்தா, அப்புறம் எதை ஓட்டிப் புள்ளைகளைப் படிக்க வெப்பே சாமி?" என்றாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

தறி விற்கப்படவில்லை. மார்ஃபின் மாத்திரையினால் சின்னம்மா தூங்கினாள். 2021-இல் தமிழ்நாட்டில் ஆரம்பமான மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையிலிருக்கும் இப்படிப்பட்ட நோயாளிகளை வீட்டிலேயே பார்ப்பதும் சேர்ந்திருந்தது. நர்ஸ் ஒருவர் வந்து புண்ணைச் சுத்தம் செய்து, மருமகளுக்கும் கற்றுக் கொடுத்தார். கார் வாடகை என்ற வரி நோட்டிலிருந்து மறைந்தது. தறி ஓடுகிற சத்தம் கேட்கும்படி திண்ணைப் பக்கத்து அறையிலேயே ஐந்து மாதம் இருந்து, ஒரு விடியற்காலையில் சின்னம்மா போய்ச் சேர்ந்தாள். வளையலை மீட்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று.

"வித்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ?" என்று மகன் இன்றைக்கும் சில சமயம் கேட்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்தக் கணக்கு நோட்டிலும் இருக்காது.

ஆனால் உங்களுக்குச் சொல்ல நாலு வார்த்தை இருக்கிறது. நோய் முற்றியது என்று தெரிந்தால், 'இந்தச் சிகிச்சையால் என்ன பலன், அட்டையில் வராதது எவ்வளவு?' என்று டாக்டரிடம் கூசாமல் கேளுங்கள். தணிப்பு சிகிச்சையைக் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்காமல், வலி ஆரம்பிக்கும்போதே விசாரியுங்கள். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். நகையை எடுக்குமுன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். நோயாளியையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களால் என்ன ஆகும் என்று மட்டும் எண்ணாதீர்கள். 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி பன்னிரண்டே படுக்கைகளோடு பிறந்ததுதான்.

அவ்வளவு பெரிய காரியம் நம் எல்லோராலும் ஆகாது. ஆனால் உங்கள் தெருவில் இப்படியொரு வீடு இருக்கும். பார்க்கப் போகும்போது ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, கூடவே இலவசமாக வைத்திய யோசனையும் கொண்டுபோகிறோமே, யோசனையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பழத்தோடு ஒரு கட்டுப் பஞ்சும், ஒரு பாக்கெட் டயாபரும் இருக்கட்டும். முடிந்தால் மத்தியானம் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்த் தூங்கு, கண்ணு" என்று அந்த வீட்டு மருமகளை அனுப்பிவையுங்கள்.