தட்டிக் கேட்கும் வேலை

ஃபயர்பாக்ஸ் வாசலுக்குள் தலையையும் வலது கையையும் நுழைத்துக்கொண்டு பெரியவர் தட்ட ஆரம்பித்தார். சின்னச் சுத்தியல்தான். பட்டறை ஓரத்தில் கழற்றிக் கிடந்த பழைய பாய்லர் அது. ஒவ்வொரு ஸ்டேயின் தலையிலும் ஒரு தட்டு. டங், டங், டங் என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒன்று 'டொக்' என்றது. "கேட்டியா தம்பி? இது உள்ள முறிஞ்சிட்டுது" என்று சாக்பீஸால் வட்டம் போட்டார்.

ஃபயர்பாக்ஸுக்கு இரண்டு சுவர். இடையில் தண்ணீர். நீராவி அழுத்தம் ஏறும்போது இந்தச் சுவர்கள் பிதுங்காமல் இழுத்துப் பிடித்திருப்பவை ஸ்டே என்கிற தண்டுகள். நடுவில் முறிந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்.

பெரியவர் ராயபுரத்துக்காரர். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பாய்லர் மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டால் கூலி வாங்காமல் வருகிறார். மதராஸ் ரயில்வே ராயபுரம் நிலையத்திலிருந்து முதல் ரயிலை ஓட்டிய அதே 1856-இல்தான் பெரம்பூர்ப் பட்டறையும் தொடங்கியது. அவர் வீட்டையும் வேலையையும் பார்க்கும்போது, வடசென்னை இந்த ரயில்வேயின் கையில் வளர்ந்த ஊர் என்பது எனக்கு உறைக்கிறது.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்ஸன் அண்டு ஹெவிட்சன் கட்டிய இரண்டு எஞ்சின்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது இந்தப் பெரம்பூர்தான். 'ஃபேரி குயின்' 1997-இல் மறுபடி ஓடியது. அதன் தங்கையான ஈ.ஐ.ஆர்-21, 1909-க்குப் பிறகு ஜமால்பூரிலும் ஹவுராவிலும் ஒரு நூற்றாண்டு காட்சிப்பொருளாக நின்றது. அதையும் ஓடவைத்து 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு அனுப்பினார்கள். நடுச் சக்கரம் ஆறடி விட்டம், ஒரு ஆள் உயரம்.

இப்படிப்பட்ட வண்டிக்குக் கடையில் உதிரிபாகம் கிடைக்காது. எஞ்சியிருக்கும் ஓட்டையை அளந்து, மரத்தில் பேட்டர்ன் செதுக்கி, வார்த்து, லேத்தில் கடைந்து பொருத்த வேண்டும். பாய்லர் டியூபை டியூப் பிளேட்டில் செருகி எக்ஸ்பாண்டரால் உருட்டி விரிப்பது அதைவிட நுணுக்கமானது. குறைத்தால் ஒழுகும், கூட்டினால் பிளேட்டே விரியும். "கைக்குத் தெரியும், எங்க நிறுத்தணும்னு" என்றார் பெரியவர். அப்புறம் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். ஈ.ஐ.ஆர்-21-க்கு ஏர் பிரேக்கும் வேகமானியும் சேர்த்தார்கள். பழமை கெட்டுவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி நிற்கவும் வேண்டும். அவர்கள் செய்தது சரி.

பக்கத்திலேயே ஒரு இழப்பும் இருக்கிறது. 1895-இல் மின்சார டிராம் ஓடிய ஊர் இது. 1953-இல் அது நின்றுபோனது. கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் 1931-இல் வந்தது. அந்தப் பழைய மோட்டார் கோச் ஒன்றைச் சீராக்கினாலும் எங்கே ஓட்டுவது? அது குடித்து வளர்ந்தது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அறுபதுகளில் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்துவிட்டது. 2004-இல் மீட்டர் கேஜ் மின்ரயிலே நின்றது. நீராவி எஞ்சின் தன் நெருப்பையும் தண்ணீரையும் தானே சுமந்து போகும். மின்வண்டிக்கோ ஊரே கூட வேண்டும். குறைந்தபட்சம் ஒரு கிலோமீட்டர் பாதையும் தனிக் கம்பியும் போட்டாலொழிய அது பெட்டியாகத்தான் நிற்கும். அப்படி ஒரு பாதை சென்னைக்கு வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

ஆனால் அதைவிட அவசரம் ஆட்கள்தான். அகலப்பாதையில் நீராவி ஓய்ந்தது 1995-இல். ஃபேரி குயினைத் தொட்ட கைகளுக்கு அந்த வேலை நேற்றுச் செய்தது போல இருந்தது. இன்று அந்தக் கைகளுக்கு வயதாகிவிட்டது. மதியம் ஒரு இளம் பிட்டர் சுத்தியலை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். வட்டம் போட்ட ஸ்டேயைத் தாண்டிப் போய்விட்டார். பெரியவர் எதுவும் சொல்லாமல் ஈரத்துணியால் சாக்பீஸ் குறியை அழித்தார். "மொத வரிசையிலேந்து வாப்பா" என்றார்.