பல்பில் எழுதியிருந்த 60

பெரியப்பா வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தது. அதன் முகத்தில் ஒரு முள். தோட்டங்களில் மோட்டார் போட்டுவிட்டார்கள் என்றால் முள் 160க்கு இறங்கிவிடும். குண்டு பல்பு பழுத்த பப்பாளி நிறத்துக்கு வரும். டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து, சிமிட்டிக்கொண்டே கிடக்கும். “ஏலே, வோல்ட்டேஜ் வரல, அணைச்சுப் போடு. சோக்கு போயிரும்” என்று அடுப்படியிலிருந்து பெரியம்மா சத்தம் போடுவாள்.

பல்பின் தலையில் என்னவோ 60 வாட்ஸ் என்றுதான் எழுதியிருந்தது. 230 வோல்ட் வந்தால்தான் அந்த 60. வோல்ட் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்கும். இரண்டையும் பெருக்கி வருவதுதானே வாட்ஸ்? 160இல் அந்தப் பல்பு எடுத்தது 30 சொச்சம்தான் இருக்கும்.

ராத்திரி எரியும் ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பு இன்னொரு கூத்து. பெயர்தான் ஜீரோ, 12, 15 வாட்ஸ் தின்னும். பழைய சக்கர மீட்டரில் அது ஏறாது, அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள்.

இப்போது சோலார் போடுகிறவர்களிடமும் “எத்தனை கிலோவாட்?” என்ற ஒரே கேள்விதான். மானியமே அப்படித்தான். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000. வோல்ட்டைப் பற்றிப் பேச்சே எழாது.

எங்கள் மாடிக்கு வேலைக்கு வந்த தம்பிதான் பேனலைத் திருப்பி ஸ்டிக்கரில் விரல் வைத்தான். “சார், 540க்குக் கீழயும் பாருங்க.” 41 சொச்சம் வோல்ட், 13 ஆம்பியர். லோடு இல்லாதபோது 49 வோல்ட். ஆறு பேனலை சீரிஸில் கோத்தால் ஆம்பியர் அதே 13தான், வோல்ட் 250ஐத் தொடும். பேரலலில் போட்டாலும் வாட்ஸ் அதேதான். ஆனால் வோல்ட் 41இலேயே நிற்கும், ஆம்பியர் 78 ஆகிவிடும். கைவிரல் தடிமனுக்கு வயர் இழுக்கவேண்டும். வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை அவ்வளவு குறைந்த வோல்ட்டுக்கு எழுந்திருக்கவும் செய்யாது. சீரிஸிலும் ஒரு தொல்லை உண்டு: தண்ணீர்த் தொட்டி நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசைக்கே இடைஞ்சல்.

பெரியப்பா வீட்டுப் பல்பின் கதைதான் பேனலுக்கும். 540 என்று அச்சிட்டிருப்பது, பேனலுக்குள் சில்லு 25 டிகிரியில் இருக்கும்போது. நம்மூர் மே மாத மதியத்தில் அது 60ஐத் தாண்டும். டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் கழித்தால் 470 தேறும். குறைவது முக்கியமாக வோல்ட்தான், ஆம்பியர் அவ்வளவாக அசையாது. வெயில் கொளுத்தினால் கரண்ட் கொட்டும் என்று நினைப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மார்கழிக் காலையில் நேர் எதிர். குளிர்ந்து கிடக்கும் பேனலில் வெயில் பட்டதும் வோல்ட் ஏறும். இன்வெர்ட்டர் தாங்கும் உச்ச வோல்ட்டுக்கு அந்தக் காலையைத்தான் கணக்கில் வைக்கவேண்டும். நீளமான வரிசை போடும் ஊட்டிக்காரர்கள் கூடுதலாக ஒரு பேனலைக் கோப்பதற்கு முன்னால் 49ஐ எடுத்து, குளிருக்கென்று கொஞ்சம் சேர்த்து, எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.