சேர்வராயன் உச்சிக்கு ஒரு நாள் பயணம்

சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்க்கு மலை என்பது அடிவானத்தில் தெரியும் நீலக் கோடு மட்டுமே. புளியங்காடு என்னும் பொருளில் 'திந்திரிணி வனம்' என வழங்கித் திண்டிவனமாக மருவிய ஊரும், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 45 மீட்டர் உயரமே உள்ள விழுப்புரமும் ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் மணிலாக் கொல்லைகளுக்கும் பெயர் பெற்றவை. மேற்கே செஞ்சியில் கோட்டைக் குன்றுகள் உண்டு. ஆனால் இராஜகிரியின் உச்சியைக் காண வேண்டுமாயின் வெயிலில் நெடுநேரம் படி ஏறவேண்டும். முழங்கால் வலியால் வருந்தும் நம் பாட்டிமார்க்கு அது இயலாத செயல். ஆகவேதான், வண்டியிலேயே உச்சிவரை செல்லக்கூடிய சேர்வராயன் மலைக்கு ஒரு நாள் சென்று வருவோம் என்று எங்கள் பங்குத் தந்தை அறிவித்தபோது, பூசை முடிந்து கலைந்த கூட்டத்தில் ஒரே ஆரவாரம்.

அந்த அறிவிப்பில் மற்றொரு நோக்கமும் இருந்தது. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட எங்கள் பங்கில் தெருக்கள் இரண்டு. ஆலயம் ஒன்று, நற்கருணை ஒன்று. ஆனால் தேர் செல்லும் தெரு வேறு, செல்லாத தெரு வேறு. கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றும் உண்டு. இத்தகைய பங்குகள் நம் பகுதியில் வேறு இல்லை என்று நெஞ்சில் கைவைத்து எவரும் சொல்ல இயலாது. பெயர் கொடுத்த 38 பேரும் எந்த வண்டியில், எந்த இருக்கையில் அமர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டே முடிவு செய்யவேண்டும் எனச் சுவாமியார் கண்டிப்பாகக் கூறிவிட்டார். அதைக் கேட்டு இருவர் பெயரைத் திரும்பப் பெற்றனர். எஞ்சிய 36 பேர் செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அதிகாலை மூன்று மணித் திருப்பலிக்குப் பின் இரு வேன்களில் புறப்பட்டோம்.

வழிநெடுக...

விழுப்புரத்தைக் கடந்து, திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்ப்பேட்டை வரை சென்று மேற்கே திரும்பினால், அங்கிருந்து சேலம் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். செபமாலையின் ஐந்து காரணிக்கங்களும் முடிந்தபோது கிழக்கு வெளுத்தது; தியாகதுருகத்தின் மலைக்கோட்டை இடப்பக்கமா வலப்பக்கமா என்று சிறுவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும், வடக்கே கல்வராயன் மலை படுத்துறங்கும் யானைக்கூட்டம்போல் எழுந்தது. சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் என ஊர்கள் கடந்தன. கரும்பும் நெல்லும் குறைந்து மரவள்ளித் தோட்டங்கள் மிகுந்தன. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி பெரும்பாலும் இந்தச் சேலத்துச் சீமையின் ஆலைகளிலிருந்து வருவதே என்று ஓட்டுநர் சொல்ல, பெண்கள் வியந்தனர்.

ஆத்தூருக்கு அப்பால் ஒரு புளியமரத் தோப்பில் காலை உணவுக்காக வண்டிகள் நின்றன. இருக்கைகளைச் சீட்டு முடிவு செய்ததே தவிர, மரநிழலை முடிவு செய்யவில்லை. ஒரு தெரு ஒரு மரத்தடியிலும் மறு தெரு மற்றொரு மரத்தடியிலும் அமர்ந்து, தத்தம் வீட்டுப் புளிச்சோற்றைப் பிரித்தன. சுவாமியார் ஒன்றும் சொல்லவில்லை. இரு மரங்களுக்கும் நடுவே நின்றபடியே உண்டார்.

சேலம் மறைமாவட்டம் நமக்கு அந்நியமன்று. 1930ஆம் ஆண்டில் அது உருவானபோது நம் புதுவை மேற்றிராசனத்தின் பகுதியும் அதில் சேர்க்கப்பட்டது. அங்கே ஆயராய் இருந்த வெண்மணி செல்வநாதர் ஆண்டகை பின்னர் புதுவை–கடலூர் பேராயராக நம்மிடம் வந்ததை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள்

சேலத்தின் வடபுறத்தில் நிலம் ஆங்காங்கே வெள்ளை வெளேரெனத் தோன்றும். சுண்ணாம்பு என்று பலர் நினைப்பர். அது மாக்னசைட் என்னும் கனிமம். உருக்காலை உலைகளின் உட்சுவருக்கான தீக்கல் செய்ய இது பயன்படுகிறது. அதைக் கடந்ததும் அடிவாரம், அங்கிருந்து மலைப்பாதை.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் அப்பாதையில் உண்டு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. ஏறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி. ஏறும்போது நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் அல்லவா? எந்தப் பல்லில் ஏறினோமோ அதே பல்லில்தான் இறங்கவேண்டும் என்பது ஓட்டுநர்களின் மற்றொரு வேதம். தடையை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடி இழந்துவிடும்; எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கவேண்டும்.

ஏழாவது வளைவில் காது அடைத்தது. பன்னிரண்டாவது வளைவில் தேர்த் தெருவைச் சேர்ந்த நடுவயது அம்மாளுக்குத் தலை சுற்றி, வாந்தி வந்துவிட்டது. சீட்டின்படி அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் மறு தெருவின் பாட்டி; வயது எண்பதை நெருங்குபவர்; ஆயுள் முழுவதும் அந்த அம்மாளின் குடும்பத்து வயல்களில் நாற்று நட்டவர். பாட்டி ஒரு நொடியும் தயங்கவில்லை. தம் முந்தானையை விரித்துப் பிடித்தார். ஒரு கையால் அம்மாளின் நெற்றியைத் தாங்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல தாயீ, மூச்ச இழுத்து வுடு. தோ, இத மோந்து பாரு" என்று, இடுப்புச் சுருக்கிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கீறிக் கொடுத்தார்.

அந்த அம்மாள் மறுமொழி கூறவில்லை. ஆனால் இருபதாவது வளைவு வரும்வரை, தலையைப் பாட்டியின் தோளிலிருந்து எடுக்கவும் இல்லை. வண்டியில் இருந்த அனைவரும் அதைப் பார்த்தோம். பாராதவர்போல் சன்னலுக்கு வெளியே நோக்கினோம்.

ஏற்காடு

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் இது. 1820களில் சேலத்தில் கலெக்டராய் இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் வளர, அம்மரங்களையே பற்றி மிளகுக்கொடி ஏறுகிறது. ஒரே மண்ணில் மூன்று உயிர்கள், ஒன்றுக்கொன்று துணை.

நம் துறவியரின் உழைப்பும் இம்மலையில் வேரூன்றியது. குளூனி சூசையப்பர் சபைக் கன்னியரின் திரு இருதயப் பள்ளி 1894ஆம் ஆண்டிலும், புனித கபிரியேல் சகோதரர்களின் மான்போர்ட் பள்ளி 1917ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. வளைவுகள் கொண்ட இன்றைய தார்ச்சாலை வருமுன்னரே இத்தகைய கல்விக்கூடங்களை இங்கு நிறுவ எத்துணைத் துணிவு வேண்டியிருக்கும் என எண்ணினோம்.

உச்சியில்

ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் மேலே சென்றால் சேர்வராயன் உச்சி. ஏறத்தாழ 1,620 மீட்டர், அதாவது 5,300 அடிக்கும் அதிகம். கூர்மையான சிகரமன்று, செம்மண் மூடிய அகன்ற மேட்டுவெளி. அச்செம்மண்ணில் அலுமினியம் தரும் பாக்சைட் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது கணக்கு. சேலத்தில் வியர்த்திருந்தவர்கள் இங்கே துண்டைப் போர்த்திக்கொண்டனர். நீர்கூட இவ்வுயரத்தில் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும் என்று ஆசிரியர் ஒருவர் விளக்கினார்.

மலைவாழ் மக்கள் தலைமுறைகளாகப் போற்றிவரும் சேர்வராயன் குகைக்கோயில் அங்குள்ளது. மே மாதத்தில் திருவிழா. பிற சமயங்களில் உள்ள மெய்யும் தூய்மையும் எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என 1965ஆம் ஆண்டில் வத்திக்கான் சங்கம் அறிவித்ததைச் சுவாமியார் நினைவூட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தொலைவில் அமைதியாய் நின்று திரும்பினோம்.

பிறகு மதிய உணவு. இங்கே மரங்கள் இல்லை; ஒரே புல்வெளி. வாந்தியால் சோர்ந்திருந்த அந்த அம்மாள் தம் தூக்குப் பாத்திரத்தோடு எழுந்து நேரே பாட்டியிடம் சென்றார். "நீ மொதல்ல சாப்புடு, பாட்டி" என்று தம் கையாலேயே இலையில் சோற்றை வைத்தார். ஒரு கணம் எல்லாரும் வாய் மூடி இருந்தோம். அடுத்த கணம் யாருடைய ஊறுகாய் யாருடைய இலையில் விழுகிறது என்று தெரியாதவாறு ஒரே வட்டமாயிற்று.

இளைஞர்கள் மேலும் இரண்டு காட்சி முனைகளைப் பார்க்க வேண்டினர். "ஓட்டுநர் இருவரும் இரண்டு மணிநேரம் உறங்கியபின்தான் வண்டி நகரும்" என்று சுவாமியார் மறுத்துவிட்டார். ஒரே நாளில் போய்வரும் பயணங்களில் விபத்துக்குப் பெருங்காரணம் மலை வளைவுகளைவிட, திரும்பும் வழியில் நேர்ச்சாலையில் ஓட்டுநரைத் தழுவும் உறக்கமே. வேறு பங்குகள் இத்தகைய பயணம் வைக்கும்போது இதை மறவாதிருப்பது நலம். அந்த இரண்டு மணிநேரமும் வட்டம் கலையவில்லை.

இறங்குதல்

தாபோர் மலை 600 மீட்டருக்கும் குறைந்த உயரமே உடையது. நாம் நின்ற உச்சியில் பாதிகூட இல்லை. ஆண்டவர் உருமாறிய மலை அதுவே என்பது மரபு. அங்கேயே மூன்று கூடாரங்கள் அமைத்துத் தங்கிவிடலாமா என இராயப்பர் விரும்பினார். ஆனால் ஆண்டவர் சீடர்களை அழைத்துக்கொண்டு இறங்கினார். அடிவாரத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தது வலிப்பால் துடித்த ஒரு சிறுவனும், கண்ணீர் வடித்த அவன் தந்தையும். உச்சியில் கண்ட ஒளி மெய்யா என்பது அடிவாரத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

எங்களுக்கும் அப்படியே. இரவு ஒன்பதரைக்கு ஊர் வந்து சேர்ந்தபோது இரு தெருவினரும் இரு பக்கமாகப் பிரிந்து நடந்தோம். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் பழைய இடங்களிலேயே அமர்ந்தோம். மலையில் கண்டது மலையோடு போயிற்றோ என்று பலர் ஏங்கினர்.

நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாள். அதற்கு முதல்நாள் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வது வழக்கம். அவரவர் பக்கத்தை அவரவர் செய்வர். அன்று மாலை, பயணம் வந்த இளைஞர்கள் ஒரே குழுவாய் மண்வெட்டிகளோடு வந்து இரு பக்கமும் புல் செதுக்கினர். அந்த அம்மாள் சுவரைச் சுற்றி நடந்து வந்து, பாட்டியின் கணவர் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றினார்.

சுவர் இன்னும் நிற்கிறது. ஆனால் அதன் இரு புறமும் ஒரே கையால் ஏற்றப்பட்ட தீபங்கள் எரிந்ததை இவ்வாண்டு எங்கள் பங்கு கண்டது. அன்பு வாசகர்களே, உங்கள் பங்கிலும் ஒரு பயணம் ஏற்பாடு செய்யுங்கள். சீட்டைக் குலுக்கி இருக்கைகளைப் பங்கிடுங்கள். இடுப்புச் சுருக்கில் ஓர் எலுமிச்சம்பழமும் இருக்கட்டும்.