கொக்குவில் ஒழுங்கையில் ஒரு கடை

நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில், வீட்டில் அடுப்பு எரியும்போது கடையில் போய்ச் சாப்பிடுவதை ஒருவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. தீவுப் பகுதியிலிருந்து கச்சேரி அலுவலாக வந்தவர்கள், பெரியாசுபத்திரியில் நோயாளியோடு நிற்பவர்கள், அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பெடியள் ஆகியோருக்குத்தான் கடைச் சாப்பாடு என்பது அம்மாவின் தீர்மானம். ஐயா பெரியகடைப் பக்கம் போனால் மலாயன் கபேயில் வடை தின்று தேத்தண்ணி குடிப்பார். வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். பெண்பிள்ளைகளான எங்களுக்கு நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளில் ஏதோ ஒரு பின்னேரம் ஒரு ஐஸ்கிறீம், அதுவும் பெரியவர்கள் சூழ. ஒரு மேசையில் இருந்து, எனக்கு இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிட்ட நினைவு, ஊரை விட்டுப் போகும்வரை எனக்கில்லை.

அதனால்தான் இந்த மாசியில் மச்சாள், "இண்டைக்கு இரவைக்குச் சமைக்கேல்லை, வெளியில போய்ச் சாப்பிடுவம்" என்றபோது அவரை நிமிர்ந்து பார்த்தேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் ஒரு பையும் மாமியுமாகத் தென்மராட்சிக்கு நடந்தவர். திரும்பி வந்து, எரிந்த கூரையை மேய்ந்து, அதே பள்ளிக்கூடத்தில் மீண்டும் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர். நான் 1993இல் இரவோடிரவாகக் கிளாலிக் கடலைக் கடந்து போய்விட்டேன். இப்போது திரும்பியது ரயிலில். 1990இல் நின்றுபோன ரயில் 2014இல்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. நின்ற காலம் முழுவதும் மச்சாள் இங்கே இருந்தார். இந்த ஊரில் எது புதிது, எது பழசு என்று சொல்லும் உரிமை எங்கள் இருவரில் அவருக்குத்தான் உண்டு.

கடை, கொக்குவிலில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. பக்கத்தில் சைக்கிள் திருத்துமிடம், எதிரே பலசரக்குக் கடை. பழைய நாற்சார் வீடு. உரித்துக்காரர் லண்டனில், வாடகைக்கு விட்டிருக்கிறார். முற்றத்தைச் சுற்றிய விறாந்தையில் சில மேசைகள். பின்பக்கம் கிணற்றடி, முருங்கை, தேசிமரம். குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் இருந்த சுவரைப் பாதிக்கு இடித்துவிட்டார்கள். விறகடுப்பு மூன்றும் எரிவது இருந்த இடத்திலிருந்தே தெரிகிறது. அன்றன்றைக்கு என்ன உண்டென்று ஒரு கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியிருக்கிறது. திருநெல்வேலிச் சந்தையிலும் பாசையூர்க் கரையிலும் காலையில் என்ன கிடைத்ததோ அதுதான் இரவுச் சாப்பாடு.

சமைப்பவளுக்கு முப்பது வயதும் இராது. மச்சாளிடம் படித்த பிள்ளை. "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்று ஓடி வந்தாள். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை செய்திருக்கிறாள். கொரோனாக் காலத்தில் அந்த வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுப் பார்சல் விற்கத் தொடங்கிய கொஞ்சக் காலத்தில் 2022 நெருக்கடி. காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மா இல்லை, இறக்குமதிச் சாமான் எதுவும் இல்லை. "காஸ் இல்லை எண்டு கடையளைப் பூட்டினாங்கள். அம்மா சொன்னா, அம்மம்மான்ர அடுப்பு கிடக்குத்தானே, மூட்டு எண்டு. கடையில வாங்கிறதுக்கு ஒண்டும் இல்லை. வளவுக்க, வேலியில, கடல்ல இருக்கிறதை வைச்சு என்ன செய்யலாம் எண்டு பார்த்தன்" என்றாள். நெருக்கடி தணிந்து காஸ் வந்த பிறகும் அவள் அந்த அடுப்பை அணைக்கவில்லை.

முதலில் பனங்கிழங்கு வந்தது. எங்கள் வீட்டில் கிழங்கை அவித்து, தும்பு நீக்கி, உரலில் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் மிளகும் சேர்த்து இடித்து உருண்டை பிடிப்போம். இவள் கிழங்கைத் தணலில் சுட்டிருந்தாள். காகிதம் போல் மெல்லிய வட்டங்களாகச் சீவி, தேசிப்புளியும் உப்பும் விட்டுப் பிரட்டி, மேலே வேப்பம்பூ வடகத்தைப் பொரித்து நொறுக்கித் தூவியிருந்தாள். கிழங்கின் மாச்சுவைக்குள் வடகத்தின் கசப்பு இறங்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். இந்த இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பரணில் காலம் காலமாக இருந்தவை. வடகம் சோற்றோடு, கிழங்கு பின்னேரத் தேத்தண்ணியோடு. இரண்டையும் ஒரே கோப்பையில் இட ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பிறகு கூழ். ஒடியற் கூழைப் பற்றி யாழ்ப்பாணத்தாரோடு பேசுவது சாதாரண விஷயமில்லை. பனங்கிழங்கைப் பிளந்து பச்சையாகவே வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கி, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிட்டுக் கசப்பைப் போக்க வேண்டும். பெரிய பானையில் கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, மீன்தலை, நண்டு, இறால், கணவாய் எல்லாம் அவிந்து வரும் நேரத்தில், அந்த மாவைப் புளியிலும் அரைத்த செத்தல் மிளகாயிலும் கரைத்து ஊற்றுவார்கள். பிறகு ஊரே வட்டமாக இருந்து, பனையோலையைக் கோலிய பிளாவில் குடிக்கும். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஓட ஓடக் குடிக்க வேண்டும்.

இவள் நண்டு ஓட்டையும் மீன்தலையையும் நீண்ட நேரம் காய்ச்சி வடித்த சாற்றில் மாவைக் கரைத்து, வழமையை விடத் தண்ணிப்பதமாக வைத்திருந்தாள். சிரட்டைக்குள் முதலில் சாம்பலில் சுட்டு உரித்த பலாக்கொட்டை, உதிர்த்த நண்டுச் சதை, தணலில் வாட்டிய கணவாய்த் துண்டு, பொரித்த முருங்கையிலை. கூழை மண்குடுவையில் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால்தான் ஊற்றினாள். பானையில் எல்லாம் ஒன்றாகக் கரைந்துபோகும் கூழில் நான் ஒருபோதும் அறியாத ஒன்று இதில் தெரிந்தது: பலாக்கொட்டைக்கென்று ஒரு சுவை, கணவாய்க்கென்று ஒரு சுவை, ஒடியலுக்கென்று மண்ணும் புகையும் கலந்த ஒரு சுவை. மச்சாள் இரண்டு வாய் குடித்தார். "நல்லாயிருக்கு. ஆனால் புளி காணாது" என்றார், விடைத்தாளில் அரைப் புள்ளி குறைத்த குரலில்.

நண்டை ஏன் உதிர்த்துப் போடுகிறாள் என்று கேட்டேன். ஓட்டோடு உறிஞ்சுவதுதானே எங்கள் வழக்கம். அவள் சொன்ன காரணம் எனக்கு வலித்தது. எங்கள் கடலில் பிடிபடும் நீல நண்டில் முழுசும் பெரிசுமானவை ஏற்றுமதிக்குப் போய்விடுகின்றன. கால் உடைந்தது, சிறியது, கொம்பனிக்காரர் கழித்துவிட்டது எதுவோ அதுதான் அவளுக்குக் கட்டுபடியாகும் விலைக்குக் கிடைக்கிறது. உடைந்த நண்டை அப்படியே கோப்பையில் வைக்க முடியாது. அதனால் சதையை எடுத்துவிட்டு ஓட்டில் சாறு காய்ச்சுகிறாள். அந்தச் சாறுதான் கூழின் உயிராக இருந்தது.

ஒடியற் பிட்டு நீத்துப்பெட்டியிலிருந்து கூம்பாகக் கவிழ்ந்து வந்தது, சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலோடும் முசுட்டையிலை வறையோடும். அதில் அவள் ஒன்றையும் மாற்றவில்லை. மாற்றத் தேவையில்லாததை விட்டுவிடத் தெரிந்ததற்காகவும் அவளை எனக்குப் பிடித்தது. கடைசியில், துணியில் கட்டித் தண்ணீர் வடித்த எருமைத் தயிரைப் பனங்கட்டியோடு அடித்து, மேலே நாராகச் சீவிய பனாட்டும் வறுத்த எள்ளும் இரண்டு கல் உப்பும்.

பனங்கட்டியின் அந்த இனிப்பு என்னை வேறொரு காலத்துக்குக் கொண்டுபோனது. 1990 ஆனியில் போர் திரும்பத் தொடங்கியபோது மின்சாரம் போனது. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி, சவர்க்காரம், சீனி எல்லாம் கிடைக்காதவையாயின, அல்லது தொடமுடியாத விலைக்கு ஏறின. ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். நாலு துளி பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். பனங்காயைக் கரைத்து உடுப்புத் தோய்த்தோம். உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்து ஒரு கடி, பிளேன்ரீயில் ஒரு மிடறு. அந்தக் காலத்தை வெளிநாடுகளில் நாங்கள் பெருமையோடு பேசுகிறோம். எங்கள் சனம் எதிலிருந்தும் எதையும் செய்யும் என்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தக் கெட்டித்தனம் முழுவதும் கழுத்தை நெரித்த கைக்குக் கீழே பிறந்தது. வேறு வழி இருந்திருந்தால் பனங்காயில் ஒருவரும் உடுப்புத் தோய்த்திருக்கமாட்டார்கள். அதே பனையை, அதே அடுப்பை, கையில் வேறு வழி இருக்கும்போதும் தானாகத் தேர்ந்து, இதிலிருந்து இன்னும் என்ன வரும் என்று ஒரு பிள்ளை ஆசையோடு தேடிக்கொண்டிருப்பதை இந்த மண்ணில் அன்றுதான் நேரில் பார்த்தேன். அந்த ஆசைக்காகவே என் கண் நிறைந்தது.

நான் இப்போது வாழும் கனடாவின் ஸ்காபரோவில் எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இடியப்பமும் கொத்துரொட்டியும் மீன்றோல்சும் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். கோடையில் ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் பூங்காவில் பெரிய கிடாரம் வைத்துக் கூழும் காய்ச்சுகிறோம், பைக்கற்றில் வந்த ஒடியல் மாவிலும் பெட்டியில் உறைந்து வந்த நண்டிலும். அங்கே ஒன்றையும் மாற்ற எங்களுக்குத் துணிவு வருவதில்லை. அம்மா வைத்ததுபோலவே இருக்க வேண்டும். எங்கள் தாய்மார் ஒவ்வொருவராகப் போகப் போக அந்தப் பிடி இன்னும் இறுகுகிறது. அதை நான் குறைசொல்லமாட்டேன். அது துக்கத்தின் ஒரு வகை. ஆனால் அம்மா தன் மாமியார் வைத்ததுபோலவா வைத்தார்? மீன்குழம்புக்கு மாங்காய் போட்டதற்காக வருடக்கணக்கில் பேச்சு வாங்கியவர் அவர்.

இந்தக் கடையைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் உண்டு. அன்றிரவு மேசைகளில் இருந்தவர்கள் என்னைப் போல வந்துபோகிறவர்களும், வைத்தியர்களும், பல்கலைக்கழகத்துக்காரரும். கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு இங்கே ஒரு இரவுச் சாப்பாடு என்பது நாள் உழைப்பில் பெரும்பங்கு. எங்கள் டொலரும் பவுணும் வந்து காணி விலையை ஏற்றியது போதும். கூழின் விலையையும் ஏற்றிவிடக் கூடாது. அவளிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவளும் மறைக்கவில்லை: "இரவு உங்களட்டை வாங்கிற காசிலதான் அன்ரி, சனிக்கிழமை மத்தியானம் கேற்றடியில பானை வைக்கிறன்." அந்தப் பானைக் கூழைச் சைக்கிள் கடைப் பெடியனும் ஓட்டோக்காரரும் நின்றநிலையில் குடித்துவிட்டுப் போகிறார்களாம், சிறிய விலைக்கு. திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகத்துக்கு மச்சாள் என்னை மறுநாள் கூட்டிப்போனார். குரக்கன் மாவிலும் உளுந்திலும் சுடச்சுடச் செய்து குறைந்த விலைக்கு விற்கிறார்கள்; சனம் நிறைந்து நிற்கிறது. அந்தச் சனத்துக்கும் கொக்குவில் மேசைக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒரு பானைக் கூழ் முழுக்கக் கடந்துவிடாது. ஆனால் அவள் அந்தத் தூரத்தைக் காணாதவள் அல்ல.

புறப்படும்போது ஒன்று கேட்டாள். ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர், காசு போடுகிறேன், ஸ்காபரோவில் இதேபோல ஒன்று திறப்போம் என்று சொல்லியிருக்கிறார். வரலாமா? விட்டுவிட்டுப் போனவள் நான். இருந்துகொள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உனக்கு உலகம் பார்க்க ஆசை என்றால் வா, என் வீட்டில் ஒரு அறை இருக்கிறது என்றேன். ஆனால் காலையில் பாசையூரில் கழித்துவிட்ட நண்டும், வேலியில் படர்ந்த முசுட்டையும் இல்லாமல் நீ கரும்பலகையில் என்ன எழுதுவாய் என்றும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மச்சாள் இடையில் புகுந்து, "நாளைக்குக் காலமை வீட்டை வா. மாமி கூழுக்குப் புளி கரைக்கிற பதம் காட்டிறன்" என்றார்.

சொன்னபடி வந்தாள், கையில் ஒரு கொப்பியோடு. மச்சாள் மண்ணில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டைகளைத் தோண்டி எடுத்தார்; புதுப்புளியை ஊறவைத்து, விரலால் மசித்து, எத்தனை பேருக்கு எவ்வளவு என்று கணக்கு வாத்தியாராகவே சொன்னார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, முற்றத்து மாமரத்தில் பிஞ்சு பிடித்திருப்பதைப் பார்த்து, "ரீச்சர், பாதிக்குப் புளி, பாதிக்குப் பிஞ்சு மாங்காயை அரைச்சு விட்டால் என்ன?" என்று கேட்டாள். மச்சாள் கொஞ்ச நேரம் யோசித்தார். "விட்டுத்தான் பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கொக்கத்தடி எடுக்கப் போனார்.